கண்ணாடி அலமாரியும் தகரப் பெட்டியும்: ஒரு மதிப்பீடு

வீட்டில் இடம்பெறும் பொருள்களுள் பயன் கருதி வைக்கப்படுவன சில. பார்வை கருதி வைக்கப்படுவன சில. அடுப்பும் பாயும் முதல் வகையின. படமும் பதக்கமும் இரண்டாம் வகையின. இவ்விரண்டிற்கும் இடையில் நிற்பது கண்ணாடி அலமாரி. உள்ளிருப்பதைக் காப்பது அதன் ஒரு தொழில். உள்ளிருப்பதைக் காட்டுவது மற்றொரு தொழில். மரம் மறைக்கிறது; கண்ணாடி வெளிப்படுத்துகிறது. ஒரு குடும்பம் தன்னைப் பற்றிப் பிறர் எதனை அறியவேண்டும் என விரும்புகிறதோ, அதுவே கூடத்து அலமாரியின் நடுத்தட்டில் வந்து அமர்கின்றது. ஆகவே கண்ணாடி அலமாரியை வெறும் தட்டுமுட்டுச் சாமான் என ஒதுக்குதல் பொருந்தாது. அஃது ஒரு குடும்பம் எழுதிய தன்வரலாறு. படித்து மதிப்பிடத்தக்க பனுவல்.

இக்காலத்தில் அத்தன்வரலாற்றைப் புதிதாக எழுதாமல், பழையதாக விலைக்கு வாங்கும் வழக்கம் பெருகியுள்ளது. நூறாண்டு கண்ட அலமாரி ஒன்று புதிய அடுக்ககத்தின் கூடத்தில் நிற்பது நற்சுவையின் அடையாளமாகக் கருதப்படுகிறது. பினாங்கில், சிறப்பாக டத்தோ கிராமாட் வட்டாரத்தில், இவ்வழக்கத்தின் நிறையும் குறையும் ஒருங்கே தெரிகின்றன. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல் கூறும் வரலாறு

'அலமாரி' என்பது தமிழ்ச் சொல் அன்று. போர்த்துகீசிய மொழியின் 'அர்மாரியோ' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. மேசை, சன்னல், சாவி ஆகியனவும் அம்மொழி தந்தனவே. மலாய் மொழியிலும் அதே பொருள் 'அல்மாரி' என்றே வழங்குகிறது. மேசையை 'மேஜா' என்றும் சன்னலை 'ஜெண்டேலா' என்றும் மலாய்க்காரர் கூறுவர். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் இரு மொழிக்கும் ஒரே வீட்டுச் சாமான்களைக் கொடுத்துச் சென்றனர் எனலாம்.

அச்சொல்லின் வேர் இன்னும் பின்னே செல்கிறது. இலத்தீனில் 'அர்மாரியும்' என்பது கருவிகளையும் படைக்கலங்களையும் வைக்கும் பேழையைக் குறித்தது. பின்னர் உரோமர் ஏட்டுச் சுருள்களை வைக்கும் மாடத்திற்கும் அப்பெயரையே இட்டனர். இடைக்கால ஐரோப்பியத் துறவு மடங்களில் நூல்களைக் காக்கும் பொறுப்புடையவர் 'அர்மாரியுஸ்' என்றே அழைக்கப்பட்டார். அலமாரிக்கும் நூலுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று என்பது இதனால் போதரும்.

வாங்கிய மொழி கொடுக்கவும் செய்தது. மலாய் மொழியின் 'பெத்தி' என்பது தமிழின் 'பெட்டி'யே. குளிர்ப்பெட்டி 'பெத்தி செஜுக்' ஆயிற்று. வாக்குப்பெட்டி 'பெத்தி உண்டி' ஆயிற்று. பிணத்தை வைக்கும் பெட்டியும் 'பெத்தி மாத்தி' ஆயிற்று. அலமாரியைத் தமிழன் பிறரிடமிருந்து பெற்றான். பெட்டியைப் பிறர்க்குத் தந்தான். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால், பின்னர்க் கூறப்படுவது எளிதில் விளங்கும்.

டத்தோ கிராமாட்டின் பழம்பொருள் சந்தை

கிராமாட் என்பது புனிதரின் அருளாற்றலையும், அத்தகையோர் அடங்கிய இடத்தையும் சுட்டும் சொல், அரபு வேரினது. அப்பெயர் தாங்கிய நெடுஞ்சாலை ஜார்ஜ் டவுனின் நடுப்பகுதியிலிருந்து மேற்கு நோக்கிச் செல்கிறது. தைப்பூசக் காலத்தில் முருகப் பெருமானின் வெள்ளி இரதம் வரும் சாலையும் இதுவே. அடியார் உடைக்கும் தேங்காய்கள் சாலையை வெண்மையாக்குவதும் இங்கேதான். வெள்ளீயம் உருக்கும் பெருந்தொழிற்சாலை ஒன்று இச்சாலையில் நெடுங்காலம் இயங்கியது. அது நின்ற இடத்தில் இன்று வணிக வளாகமும் அடுக்கு வீடுகளும் எழுந்துள்ளன. பழையது போய்ப் புதியது வரும் முறைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இச்சாலையை ஒட்டிய லோரோங் கூலிட்டில், நகர விளையாட்டரங்கின் அருகே, காலை நேரத்தில் பழம்பொருள் சந்தை கூடுகிறது. 'கூலிட்' என்பதற்குத் தோல் என்று பொருள். பழைய நாணயம், நின்றுபோன கடிகாரம், இசைத்தட்டு, பீங்கான் கிண்ணம், பூட்டு, சாவி முதலியன தரையில் விரித்த துணியின்மேல் வரிசையாக வைக்கப்படும். பெரிய அலமாரிகள் சந்தைத் தரைக்கு வருவது அரிது. அவற்றைத் தேடுவோர் நகரின் பழம்பொருள் கடைகளுக்குச் செல்வர். 'கயிறு திரிக்கும் சாலை' எனப் பொருள்படும் ஜாலான் பிந்தால் தாலி அத்தகைய கடைகளுக்குப் பெயர்பெற்றது. ஆயினும் அலமாரியின் உறுப்புகளும் அலமாரிக்குள் இருந்தவையும் சந்தையில் மிகுதியாகக் காணப்படும். கைப்பிடி ஓரிடத்திலும், கண்ணாடிக் கதவு ஓரிடத்திலும், அதனுள் இருந்த குடும்பப் படம் மற்றோரிடத்திலும் கிடைக்கும்.

இவை எங்கிருந்து வந்தன? ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் பல தலைமுறையாகக் குடியிருந்தோரை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்து வந்தது. 1948ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாளுக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு அது பொருந்தியது. 1997இல் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1999ஆம் ஆண்டு இறுதியோடு பாதுகாப்பு முற்றாக நீங்கியது. வாடகை உயர்ந்தது, குடும்பங்கள் புறநகரின் அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தன. எட்டடி உயர அலமாரி மின்தூக்கிக்குள் நுழையாது. 2008இல் ஜார்ஜ் டவுன் மலாக்காவுடன் இணைந்து உலக மரபுரிமைத் தலமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டபோது, எஞ்சிய பழம்பொருள்களின் மதிப்பு மேலும் உயர்ந்தது. வீட்டை விட்டு வெளியேறிய மனிதனின் அலமாரி, அதே வீடு தங்கும் விடுதியாகவோ தேநீர்க் கடையாகவோ மாறியபின், அலங்காரமாகத் திரும்பி வந்தது. மனிதன் மட்டும் திரும்பி வரவில்லை.

மெய்யும் போலியும்

பழமைக்கு விலை உண்டெனின் போலிக்கும் வேலை உண்டு. ஏட்டுச் சுவடியைப் பதிப்பிக்கும் அறிஞன் மூலபாடம் எது, இடைச்செருகல் எது எனப் பிரித்தறிவது போன்றே, அலமாரி வாங்குவோனும் பிரித்தறியக் கற்கவேண்டும்.

முதலாவது, இழுப்பறையை வெளியே இழுத்து மூலைகளை நோக்குதல். பலகைகள் புறாவின் வால்போல் விரிந்து ஒன்றையொன்று பற்றும் பொருத்துகள் கையால் வெட்டப்பட்டனவாயின் அளவில் சிறிது வேறுபடும். எல்லாம் ஒரே அளவினவாக இருப்பின் எந்திரத்தின் வேலை எனக் கருதலாம். இரண்டாவது, திருகாணிகள். தலையில் சிலுவைக் குறி வெட்டிய திருகாணி 1930களில்தான் பரவத் தொடங்கியது. அத்தகைய ஆணி கொண்ட அலமாரி அதற்குப் பின் செய்யப்பட்டதாகவோ பழுது பார்க்கப்பட்டதாகவோ இருக்கும். மூன்றாவது, கண்ணாடி. பழங்காலக் கண்ணாடியின் வழியே சாய்ந்து பார்த்தால் எதிரிலுள்ள பொருள் நீரலையில் கண்டாற்போல் நெளியும். உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்யும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது; அதன் பின்னர்ப் பரவிய கண்ணாடிக்கு அந்நெளிவு இல்லை. நான்காவது, பின்புறம். முகப்பில் தேக்கும் முதுகில் ஒட்டுப்பலகையும் கொண்ட அலமாரியை ஐயத்தோடு நோக்கவேண்டும். ஐந்தாவது, தேய்மானம். கை படும் இடத்தில்தான் மெருகு தேயவேண்டும். கை எட்டாத மேற்புறமும் ஒரே சீராகத் தேய்ந்திருப்பின் அது காலம் தேய்த்ததன்று, உப்புத்தாள் தேய்த்தது.

அடியில் மாவுபோல் மரத்தூள் உதிர்ந்திருப்பின் துளைப்பூச்சி உயிரோடு உள்ளே இருக்கிறது என்பது பொருள். பினாங்கின் ஈரக்காற்றில் கரையானுக்கும் குறைவில்லை. பர்மாத் தேக்கு பெரிதும் விரும்பப்பட்டதற்கு அதன் அழகு மட்டும் காரணமன்று. கரையானைத் தாங்கும் அதன் இயல்பும் காரணமாகும்.

பழுது பார்க்கப்பட்டமை குற்றம் அன்று. டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது பல சுவடிகளை ஒப்புநோக்கி உழைத்தபின்னரே. சிதைந்த பாடத்தைச் செப்பம் செய்தல் பதிப்பாசிரியனின் கடமை. செப்பம் செய்ததை மறைத்தலே பிழை. மாற்றிய கண்ணாடியை மாற்றியது எனக் கூறி விற்பவன் நல்ல பதிப்பாசிரியனை ஒப்பான். கூறாதவன் இடைச்செருகலை மூலமெனக் காட்டுவோனை ஒப்பான்.

எது பழமை?

எத்தனை ஆண்டு சென்றால் ஒரு பொருள் தொன்பொருளாகும்? அமெரிக்கச் சுங்கச் சட்டம் முதலில் 1830ஆம் ஆண்டிற்கு முற்பட்டனவற்றையே தொன்பொருள் என ஏற்றது. 1966இல் அவ்வரையறை நூறு ஆண்டு என மாற்றப்பட்டது. இந்தியாவின் தொன்பொருள், கலைக்கருவூலச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. அதுவும் நூறு ஆண்டு என்றே வரையறுக்கிறது. ஆனால் அறிவியல், வரலாறு, இலக்கியம், கலை ஆகியவற்றுள் ஒன்றன் மதிப்புடைய கையெழுத்துப் படிக்கும் ஆவணத்திற்கும் எழுபத்தைந்து ஆண்டே போதும் என்கிறது. இவ்விதி சிந்தனைக்குரியது. மரம் நூறாண்டில் பெறும் பெருமையைத் தாள் எழுபத்தைந்து ஆண்டிலேயே பெறுகிறது. தாள் விரைவில் அழியும். ஆதலின் விரைவில் காக்கப்படவேண்டும்.

'விண்டேஜ்' எனக் கடைக்காரர் கூறும் சொல் திராட்சை அறுவடையைக் குறித்துப் பிறந்தது. இன்ன ஆண்டின் விளைச்சல் என்பதே அதன் கருத்து. நூறாண்டு நிரம்பாவிடினும் தன் காலத்தின் சுவையை நன்கு காட்டும் பொருளுக்கு அப்பெயர் இன்று வழங்குகிறது. அவ்வாறு நோக்கின், 1960களிலும் 1970களிலும் மலேசியத் தமிழர் இல்லங்களில் நின்ற 'ஷோகேஸ்' அலமாரிகளும் இவ்வகையின் பாற்படும். அவற்றுள் என்ன இருந்தது? எடுத்துப் பயன்படுத்தாத தேநீர்க் கோப்பைகள், பிளாஸ்டிக் மலர், மகன் வென்ற ஓட்டப்பந்தயக் கிண்ணம், மகள் பட்டம் பெற்ற படம். அவை எளியன, எனினும் பொய்யல்ல. அக்குடும்பம் அடைந்ததையே அது காட்டியது.

யாருடைய நினைவு?

இங்கேதான் திறனாய்வின் முதன்மையான வினா எழுகிறது. விலைக்கு வாங்கிய அலமாரி காட்டுவது யாருடைய வாழ்வை?

பினாங்கில் விற்கப்படும் சிறந்த பழைய அலமாரிகளுள் பல, செல்வம் மிக்க சீனப் பெரானாக்கான் குடும்பங்களின் இல்லங்களைச் சார்ந்தவை. லெபோ கெரேஜாவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கப்பித்தான் சுங் கெங் குவீ கட்டிய மாளிகை இன்று பெரானாக்கான் அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. பொன்முலாம் பூசிய செதுக்கு வேலைப்பாடு கொண்ட அலமாரிகளின் பெருமையை அங்குக் காணலாம். தமிழருள் அத்தகைய செல்வத்தைக் கண்டவர் நகரத்தார் முதலிய வணிகர் சிலரே. செட்டிநாட்டு வீடுகள் பர்மாத் தேக்காலும் இத்தாலியப் பளிங்காலும் எழுந்தன. பின்னாளில் பாகம் பிரிந்தும் பராமரிக்க இயலாதும் அவ்வீடுகள் பல இடிக்கப்பட்டபோது, தூணும் கதவும் அலமாரியும் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருக் கடைகளில் விலையாயின. கடல் கடந்து ஈட்டிய பொருளால் வாங்கியவை மீண்டும் கடல் கடந்து அயலவர் கூடங்களை அடைந்தன.

ஆனால் மலேசியத் தமிழருள் பெரும்பாலோரின் முன்னோர் தோட்டப்புறத் தொழிலாளராய் வந்தவர். 1910இல் முடிவுற்ற ஒப்பந்தக் கூலி முறையிலும், 1938இல் இந்திய அரசு தடை செய்யும்வரை நீடித்த கங்காணி முறையிலும் வந்தவர்களின் லயத்து வீட்டில் கண்ணாடி அலமாரிக்கு இடமில்லை. அவர்களுக்கு இருந்தது தகரப் பெட்டி ஒன்றே. கட்டிலின் அடியிலோ சுவரோரத்திலோ கிடந்த அப்பெட்டியில் திருமணப் புடவையும், பிறப்புப் பத்திரமும், ஊரிலிருந்து வந்த கடிதமும் இருந்தன. அலமாரி காட்டுவதற்காகப் பிறந்தது. பெட்டி மறைப்பதற்காகப் பிறந்தது. காட்டுவதற்கு ஒன்றுமில்லாதவனிடமும் காப்பதற்கு ஏதோ ஒன்று உண்டு என்பதே பெட்டி சொல்லும் செய்தி.

பழம்பொருள் வணிகத்தின் கண்ணுக்குத் தகரப் பெட்டி சிறுபொருள். துருப்பிடித்ததெனில் இரும்பு விலைக்கே போகும். இவ்வாறு எது பழமை, எது குப்பை என்னும் தீர்ப்பைக் காலம் வழங்குவதில்லை, செல்வமே வழங்குகிறது. பெட்டியைக் குப்பையில் இட்டுவிட்டு, பிறரது அலமாரியை வாங்கிக் கூடத்தில் நிறுத்தும் குடும்பம், தன் பாட்டனை மறைத்துவிட்டுப் பிறர் பாட்டனுக்குப் படையலிடும் குடும்பத்தை ஒக்கும். அலமாரியின் அழகைச் சுவைப்பது தவறன்று. பிற இனத்தார் கைவினையை மதிப்பது பண்பாட்டின் உயர்வே. தன்னுடையதை இழந்து அதனைப் பெறுவதே வருந்தத்தக்கது.

அலமாரிக்கு வாழ்த்துரை

இரசிய நாடகாசிரியர் ஆன்டன் செக்காவின் 'செர்ரித் தோட்டம்' 1904இல் மாஸ்கோவில் முதன்முதல் மேடையேறியது. அதன் முதற்பகுதியில், கடனில் மூழ்கிய நிலக்கிழார் ஒருவர் வீட்டிலுள்ள நூல் அலமாரி செய்யப்பட்டு நூறாண்டு ஆனதைக் கண்டு, அதனை விளித்துக் கண்ணீர் மல்க வாழ்த்துரை நிகழ்த்துகிறார். அறத்திற்கும் நன்மைக்கும் அது ஆற்றிய தொண்டைப் போற்றுகிறார். கேட்டோர் கூசி நிற்கின்றனர். நாடகம் முடியுமுன் தோட்டமும் வீடும் ஏலத்தில் போய்விடுகின்றன. செக்காவ் அவரை இகழவும் இல்லை, புகழவும் இல்லை. பழம்பொருளின்மேல் உணர்ச்சி பெருகுவது, அப்பொருள் நின்ற வாழ்வைக் காக்கும் செயலுக்கு ஈடாகாது என்பதை மட்டும் காட்டுகிறார். அலமாரியைப் பாராட்டிய நாவு, அதனுள் இருந்த நூல்களுள் ஒன்றையேனும் குறிப்பிடவில்லை என்பது கூர்ந்து நோக்கத்தக்கது.

தமிழர் இல்லங்களிலும் அந்நாடகம் நடைபெறுகிறது. தமிழார்வலர் ஒருவர் மறைந்தபின் அவர்தம் நூல் அலமாரிக்கு விலை பேச ஆள் வருகிறார். அலமாரி நல்ல விலைக்குப் போகிறது. உள்ளிருந்த இதழும் நூலும் பழைய தாள் என எடைக்குப் போகின்றன. 1883இல் குலாம் காதிறு நாவலர் 'வித்தியா விசாரிணி' இதழை நடத்திய நகரம் பினாங்கு. 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. இத்தகைய இதழ்களின் பழைய படிகளும், சங்கங்களின் ஆண்டு மலர்களும், பள்ளி விழா மலர்களும், தனி மனிதர் அலமாரிகளிலேயே உயிர் தரித்திருந்தன. அவை மரத்தினும் அரியவை. அலமாரியைப் போல் இன்னொன்று செய்யலாம். ஒரே படியாய் எஞ்சிய இதழை மீண்டும் அச்சிட மூலம் கிடைக்காது.

மாறாகச் செய்து காட்டியவரும் உளர். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர், பெருஞ்செல்வர் அல்லர். நூல், இதழ், நாடக அறிவிப்பு, திருமண அழைப்பு எனப் பிறர் எறிந்தவற்றையெல்லாம் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு இலட்சம் அளவிற்குப் பெருகிய அத்தொகுப்பை, 1992இல் அவர் மறைந்த பின்னர், சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கித் தமிழகத்திலேயே நிலைக்கச் செய்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. தேக்குத் தூண்கள் விலையான அதே நிலப்பகுதியில் தாளை மதித்தவர் ஒருவர் இருந்தார் என்பது தமிழர் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

நிறைவாக

பழைய கண்ணாடி அலமாரியை வாங்குவோரின் சுவை மூன்று படிகளில் மதிப்பிடப்படவேண்டும். பொருள் மெய்யானதா என ஆராய்வது முதற்படி. பணமுடையோர் பலர் இதனைக் கற்றுக்கொள்கின்றனர். வீட்டின் அளவிற்கும் வாழ்விற்கும் பொருந்துமா எனக் காண்பது இரண்டாம் படி. சிலரே இதனை எண்ணுகின்றனர். அதனுள் எதை வைப்பது எனத் தெளிவது மூன்றாம் படி. இதனை எண்ணுவோர் மிகச் சிலரே. மூன்றாம் படியை எட்டாத அலமாரி எத்துணை விலையுயர்ந்ததாயினும் வெற்றுக்கூடே.

தமிழாசிரியர்களுக்கு இதில் ஒரு பணி உண்டு. மாணவன் தன் இல்லத்திலுள்ள அலமாரியையோ பெட்டியையோ திறந்து, உள்ளிருப்பவற்றைப் பெயரும் ஆண்டும் குறித்துப் பட்டியலிடுவானாயின், அதுவே அவன் எழுதும் முதல் வரலாற்று ஆவணமாகும். யாருடைய கடிதம், எந்தத் தோட்டத்தின் அடையாள அட்டை, எந்த ஆண்டின் மலர் என வினவும்போது, மூத்தோர் வாய் திறப்பர். அவ்வினா எழாத வீட்டிலிருந்துதான் குடும்பப் படங்கள் லோரோங் கூலிட்டின் தரைத்துணிக்கு வருகின்றன. முகம் தெரிந்தும் பெயர் தெரியாமல் அங்கே கிடக்கின்றன.

நூறாண்டு கண்ட தேக்கு அலமாரி கூடத்தில் நிற்கட்டும். அதன் நடுத்தட்டில் துரு துடைத்த தகரப் பெட்டி ஒன்று அமரட்டும். போர்த்துகீசியன் தந்த பெயர் கொண்ட பேழைக்குள், தமிழன் தந்த பெயர் கொண்ட பெட்டி இடம்பெறும்போது, அவ்வலமாரி யாருடைய வீட்டில் நிற்கிறது என்பதைக் கண்ணாடியே சொல்லிவிடும்.